ஓடும் ஷூவும் ஆம்பூரும்

ஆம்பூர் என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது பிரியாணி. அடுத்தது தோல். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கமாக நீளும் இந்தப் பகுதியில் தோல் ஷாப்போ ஷூ கம்பெனியோ இல்லாத ஊர் குறைவு. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறது ஆம்பூர். இரண்டு நகரங்களிலும் இப்போது ஞாயிறு விடிந்தால் எங்காவது ஓர் ஓட்டப் போட்டி! 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த கலைஞர் நூற்றாண்டு மாரத்தானுக்குப் பதிவு செய்தவர்கள் மட்டும் 73,000-க்கும் மேல்.

அத்தனை கால்களில் ஆம்பூர்த் தோலைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஷூ தைக்கிற ஊர் பக்கத்திலேயே இருந்தும் ஏன் இப்படி? பதில் தெரிய நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அந்தக் காலத்து ஓட்ட ஷூ எல்லாம் தோல்தான். இங்கிலாந்தில் போல்டன் ஊரின் ஜோசப் வில்லியம் ஃபாஸ்டர் கையால் தைத்த ஆணி வைத்த தோல் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் 1924 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் ஹரால்ட் ஆபிரகாம்ஸ் 100 மீட்டரில் தங்கம் வாங்கினார். (ஃபாஸ்டரின் பேரன்கள் பிற்பாடு ஆரம்பித்த கம்பெனிதான் ரீபோக்.) ஜெர்மனியில் ஹெர்சோகனாராக் என்ற சின்ன ஊரில் தாஸ்லர் சகோதரர்கள் செய்த தோல் ஷூவுடன் 1936-ல் பெர்லினில் ஓடினார் ஜெஸ்ஸி ஓவன்ஸ். நான்கு தங்கம். பிறகு அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, அண்ணன் 1948-ல் பூமாவையும் தம்பி 1949-ல் அடிடாஸையும் பதிவு செய்தார்கள். ஊரே இரண்டாகிப் போனது. எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்கும் முன் அவர் ஷூவைப் பார்ப்பார்களாம் அந்த ஊர்க்காரர்கள்!

ஹெர்சோகனாராக் மாதிரி ஓர் ஊராக ஆம்பூர் அப்போது ஆகியிருக்க முடியுமா? முடியாது. அன்றைக்கு இங்கிருந்து போனது ஷூ அல்ல, அரைகுறையாகப் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. மெருகேற்றுவதும் ஷூவாக்குவதும் அங்கே. பெரிய லாபமும் அங்கேதான்.

தோலை அனுப்பிய நாட்டின் ஓட்டக்காரர்களோ வெறுங்காலில் ஓடினார்கள். புனேயில் டெக்கான் ஜிம்கானா நடத்திய போட்டியில் விவசாயிகள் செருப்பில்லாமல் ஓடிய வேகத்தைப் பார்த்து அசந்துபோன தோராப்ஜி டாடா, 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியை அனுப்பி வைத்தார். அதில் பெல்காமைச் சேர்ந்த பதேப்பா சௌகுலே மாரத்தானில் 19-வது இடம். பீகாரில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்த சிவ்நாத் சிங் பாதத்தில் டேப் ஒட்டிக்கொண்டு வெறுங்காலில் ஓடுவார். 1976 மாண்ட்ரியலில் 11-வது இடம். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். அந்த தேசிய சாதனையை நாற்பது வருஷத்துக்கு மேல் ஷூ போட்ட எந்த இந்தியராலும் தாண்ட முடியவில்லை.

இதெல்லாம் வீரர்கள் கதை. சும்மா உடம்புக்காக, சந்தோஷத்துக்காக ஓடுவது என்பது அப்போது எங்குமே பெரிய பழக்கம் இல்லை. அந்தப் பழக்கம் கிளம்பிய இடங்களில் முக்கியமானது நியூசிலாந்து. ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் நடுத்தர வயதுக்காரர்களை மெதுவாக ஓட வைத்தார். 1962-ல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மன் அவர்களோடு ஓடப் போனார். எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா அவரை முந்திக்கொண்டு போனார்! ஊருக்குத் திரும்பிய போவர்மன் 'ஜாகிங்' என்று ஒரு புத்தகமே எழுதினார். 1964-ல் ஃபில் நைட்டோடு சேர்ந்து அவர் தொடங்கிய ஷூ வியாபாரம்தான் பிற்பாடு நைக்கி ஆனது. மனைவியின் வாஃபிள் சுடும் அச்சில் ரப்பரை ஊற்றி அடிப்பாகம் செய்து பார்த்த ஆளும் இவர்தான். நம்மூரில் என்றால் இட்லித் தட்டு போயிருக்கும்.

ஜாகிங் பரவப் பரவ தோல் விலக ஆரம்பித்தது. பந்தய வீரருக்குச் சில நிமிட ஓட்டத்துக்குத்தான் தோல் ஷூ. ஆபீஸ் போகிற ஆள் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் தோல் வியர்வையையும் மழையையும் குடித்துக் கனக்கும். காய்ந்தால் விறைக்கும். கால் பழகும்வரை கொப்பளம் வேறு. நைலான் துணி இலேசு, விலையும் குறைவு. 1960-களின் கடைசியில் ஜப்பானின் ஒனிட்சுகா டைகர் ஷூக்களில் நைலான் மேல்பாகம் வந்தது. 1970-களின் நடுவில் அடியில் ஈ.வி.ஏ. நுரை வந்தது. தோல் ஓரங்களில் ஒட்டுப்போடும் அளவுக்குச் சுருங்கியது.

இங்கேதான் விதியின் விளையாட்டைக் கவனிக்க வேண்டும். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் ஃபிராங்க் ஷார்ட்டர் ஜெயிக்க, அமெரிக்காவில் ஓட்டப் பைத்தியம் பிடித்தது. அதே 1972-ல்தான் இந்திய அரசு சீதாராமையா குழுவை அமைத்தது. தோலை அப்படியே விற்காதீர்கள், முழுதாகப் பதனிட்டு, முடிந்தால் ஷூவாக்கி விற்றுங்கள் என்பதுதான் குழு காட்டிய வழி. 1973 முதல் கச்சாத் தோலுக்கும் அரைப் பதனீட்டுத் தோலுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஷூ தைக்கக் கற்றுக்கொண்டன. நன்றாகவே கற்றுக்கொண்டன. ஆனால் கற்றது ஆபீஸ் ஷூவும் பூட்ஸும். உலகம் தோல் ஷூவைக் கழற்றிவிட்டு ஓடக் கிளம்பிய அதே நேரத்தில், இந்தப் பகுதி தோல் ஷூவுக்குள் நுழைந்தது. குழுவைக் குறை சொல்ல முடியாது. கையில் இருந்த சரக்கு தோல்தானே?

ஏற்றுமதி படிக்கிறவர்களுக்கு இது இரண்டு எண்களில் தெரியும். சுங்கப் பட்டியலில் தோல் மேல்பாகம் உள்ள காலணிக்கு 6403. துணி மேல்பாகத்துக்கு 6404. ஆம்பூரின் பெயர் 6403-ல். ஓடுகிறவர்களின் பணம் பெரும்பாலும் 6404-ல்.

தோலுக்காக இந்தப் பகுதி கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழாகிவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு இது. (நுரையும் நைலானும் மட்டும் யோக்கியமா என்றால், அவை மண்ணில் மக்காது. அது வேறு பஞ்சாயத்து.)

இந்தியாவில் பொழுதுபோக்கு ஓட்டம் பிடித்துக்கொண்டது ரொம்பத் தாமதம். புனே மாரத்தான் 1983-லேயே வந்துவிட்டாலும், சாதாரண ஜனங்கள் எண் குத்திக்கொண்டு ஓடும் அலை 2004 மும்பை மாரத்தானில்தான் கிளம்பியது. 2006-ல் 'சென்னை ரன்னர்ஸ்' குழு. 2008-ல் பெங்களூரில் 10 கிலோமீட்டர் ஓட்டம். அப்புறம் சேற்றில் உருண்டு, சுவர் ஏறி, பனித்தண்ணீரில் குதிக்கும் தடை ஓட்டங்கள். அமெரிக்காவில் ஸ்பார்ட்டன் ரேஸும் டஃப் மடரும் 2010-ல். இங்கே டெவில்ஸ் சர்க்யூட் 2012-ல். அந்தச் சேற்றில் தோல் ஷூ பத்து நிமிடம் தாங்காது. தண்ணீரை உடனே வடிக்கும் வலைத் துணிதான் வேண்டும்.

கடைசியில் ஓட்ட ஷூ இந்தப் பக்கம் வரத்தான் செய்தது, தோல் இல்லாமல். 1989 வரை வேலூரோடு ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த செய்யாறில், தைவானின் ஃபெங் டே நிறுவனம் நைக்கி ஷூ தயாரிக்கத் தொழிற்சாலை வைத்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு காலணிக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. 2024 இறுதியில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹாங் ஃபூ நிறுவனத்தின் தொழிற்சாலைக்கு அடிக்கல். 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு.

ஷூ கம்பெனிகளில் வெட்டுவதும் தைப்பதும் ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். ஆம்பூரில் தோலில் அப்பர் தைத்துப் பழகிய கை, வலைத் துணியிலும் தைத்துவிடும். வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்குகிறவருக்கு அங்கே வேலை இல்லை. அந்த ஷூவில் அவர் தொட்ட பொருள் எதுவும் கிடையாது.