பனகல் பார்க்: ஏரி இருந்த இடம்

தி.நகருக்குத் துணி எடுக்கப் போறவங்களுக்கு பனகல் பார்க் என்பது ஒரு பஸ் ஸ்டாப். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பனகல் ஏதோ பூவோட பேர்னுகூட ஒரு நினைப்பு! விஷயம் வேறு. பனகல் என்பது ஒரு ஜமீன். அதன் ராஜாவான ராமராயநிங்கார், 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. நீதிக்கட்சிக்காரர். கோயில் சொத்துக்களை அரசுக் கண்காணிப்பில் கொண்டுவந்த அறநிலையச் சட்டம் இவர் காலத்து வேலை. 1928 டிசம்பரில் இறந்துபோனார்.

பூங்காவைச் சுற்றி நடந்து பாருங்கள். ஊருக்குப் பேர் தியாகராயர். கடைத்தெரு முழுக்க உஸ்மான் சாலை. கொஞ்சம் தள்ளி நடேசன் பூங்கா. நாம் பாண்டி பஜார் என்று சொல்வதற்கு முறையான பேர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. நீதிக்கட்சியின் வருகைப் பதிவேட்டைத் தெருவில் எழுதி வைத்தது மாதிரி இருக்கும்.

ஆனால் என்னை இழுத்தது பேர் இல்லை, தரை. 1920-கள் வரை இந்தப் பக்கம் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி, மவுண்ட் ரோட்டுக்கு இணையாக ஒரு நீண்ட ஏரி கிடந்தது. வெள்ளைக்காரர்கள் வைத்த பேர் லாங் டேங்க். நகரத்தில் வீட்டு மனை பத்தவில்லை என்று 1923-லிருந்து அதை வடித்து, தூர்த்து, தெரு போட்டு மாம்பலத்தை நகரமாக்கினார்கள். அந்த மனைப் படத்தின் மையத்தில் விட்டு வைத்த பச்சைத் துண்டுதான் பனகல் பார்க். ஏரி போனாலும் பேர் போகலை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது (எந்த லேக்கை வியூ பண்ணுவதோ!). நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது.

2021 நவம்பர் மழையில் தி.நகரில் முழங்கால் தண்ணி நின்றபோது "இங்க எப்படிங்க இவ்வளவு தண்ணி?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். தண்ணிக்குப் பழைய விலாசம் மறக்கலைன்னு சொல்ல வாய் வந்தது. அவர் வீட்டுக்குள்ளயே தண்ணி, அடக்கிக்கொண்டேன். சிமெண்ட் போடாத மண் அந்தப் பக்கம் எவ்வளவு மிச்சம் என்று எண்ணினால், இந்தப் பூங்காவும் இன்னும் சில பூங்காக்களும்தான்.

வசதி என்று பெரிதாக எதுவும் இல்லை. நடக்கப் பாதை, உட்கார பெஞ்ச், நிழலுக்கு மரம். கடை கடையாக ஏறி இறங்கிய அம்மாக்கள் பையைக் கீழே வைத்துக் காலை நீட்டுவார்கள். காசு கொடுக்காமல் உட்கார தி.நகரில் வேறு எங்கே இடம் இருக்கு, சொல்லுங்க?

அதிலும் ஒரு பகுதியைத் தகரம் வைத்து அடைத்தார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் மெட்ரோவுக்கு இங்கே சுரங்க நிலையம். மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நானும் அதில்தான் போவேன். ஆனால் வேலை முடிந்ததும் அந்தத் துண்டு திரும்ப மண்ணாக வருமா, கல் பாவி வருமா என்பதில்தான் என் கண். நிலையத்துக்குப் பேரும் பனகல் பார்க்தான்.