கல்வராயன் மலைக்கு எந்த ஆப்பிள்?

மூன்று வருடம் முன்னாடி, வெள்ளிமலையில் நண்பர் வீட்டுத் தோட்டத்தில் "காஷ்மீர் ஆப்பிள்" என்று ஒரு கன்றை வாங்கி நட்டோம். தழைத்தது, பூக்கவே இல்லை. இப்போது நண்பரின் அம்மா அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்.

தப்பு என்னுடையதுதான். ஆப்பிள் மொட்டு விழிக்க, 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். 1916-இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் இமாச்சலில் நட்ட ரெட் டெலிஷியஸ், 800 மணிக்குக் குறைந்தால் முரண்டு பிடிக்கும். கல்வராயன் மலையோ பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி. நம்ம மார்கழிக் குளிர் எம்மாத்திரம்?

குளிர் குறைவாகக் கேட்கும் வகைகளும் உண்டு. இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸில் கிடைத்த டார்செட் கோல்டன், பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மாவின் எச்.ஆர்.எம்.என்-99. இதில் அன்னா தனியாக நின்றால் சரியாகக் காய் பிடிக்காது; மகரந்தத்துக்கு டார்செட் பக்கத்தில் வேண்டும். கன்று விற்பவர் இதைச் சொல்வதில்லை.

ஆனால் என்னை அசத்தியது ஜாவாத் தீவின் மாலாங் பகுதி. பூமத்திய ரேகையிலிருந்து 8 டிகிரிதான் தள்ளி. ஆப்பிள் தோட்டங்கள் பலதும் நம்ம கல்வராயன் உயரத்தில்தான். அங்கே, அமெரிக்காவில் பிறந்த ரோம் பியூட்டி வருடம் இரண்டு முறை காய்க்கிறது! அறுவடை முடிந்து சில வாரத்தில் இலைகளை எல்லாம் கையாலேயே உருவி விடுகிறார்கள், கிளைகளை வளைத்துக் கட்டுகிறார்கள். மரம் ஆழ்ந்து உறங்கப் போகும் முன்பே மொட்டு கிளம்பி விடுகிறது.

தை மாசத்துக்கு அன்னா ஒன்று, டார்செட் ஒன்று சொல்லி வைத்திருக்கிறோம். இலை உருவுவதைக் காஷ்மீர் மரத்திலும் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். கொடியை அவிழ்க்க அம்மா சம்மதிக்கவில்லை.