லேப் சீட்டு சொன்ன 'இல்லை'

ராயபுரத்தில் நான் பையனாக இருந்தபோது, வாந்திபேதி என்றால் அடுத்த வார்த்தை தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரி என்றுதான் வரும். அந்தத் தொற்றுநோய் மருத்துவமனையைப் பற்றிக் குறிப்பெடுக்கப் போய், வேறொரு கதையில் மாட்டிக்கொண்டேன்.

1992 அக்டோபர். மெட்ராஸில் காலரா மாதிரியே ஒரு நோய். அரிசி கழுவின தண்ணீர் போலப் போகும். சில மணி நேரத்தில் கண் குழிவிழுந்து நாடி தளரும். பார்க்கிற டாக்டருக்குக் காலராதான். லேப் சீட்டோ அப்படிச் சொல்லவில்லை.

காலராக் கிருமியை அதன் மேலுறைச் சர்க்கரையை வைத்து வகை பிரிப்பார்கள். அன்றைக்குத் தெரிந்தவை 138. அதில் கொள்ளைநோயாகப் பரவுவது ஓ1 மட்டும்தான், மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக வயிற்றுப்போக்கு தரும், அவ்வளவுதான் என்பது அப்போதைய பாடம். அதனால் ஓ1 எதிர்சீரத்தைக் கண்ணாடித் தகட்டில் கிருமியோடு கலந்து பார்ப்பார்கள். திரிந்தால் காலரா. இது திரியவில்லை.

எங்கள் தொழிலில் இந்த பக் ரொம்பப் பழக்கம். சோதனை கேட்ட கேள்வி 'இது ஓ1-ஆ?'. நாம் படித்துக்கொண்ட பதில் 'காலரா இல்லை'. இரண்டும் ஒன்றல்லவே!

138-இல் எதிலும் சேராததால் ஓ139 என்று எண் கொடுத்தார்கள். கூடவே 'பெங்கால்' என்று பெயர். வங்காள விரிகுடாக் கரையோரம் முதலில் கிடைத்ததால் அந்தப் பெயராம். அப்படிப் பார்த்தால் நம்ம காசிமேடும் அதில் சேர்த்திதான். 1993-க்குள் கல்கத்தா, பங்களாதேஷ் வரை போய்விட்டது. பழைய ஓ1 காலராவால் வந்த எதிர்ப்புசக்தி இதற்கு உதவவில்லை. அதனால்தான் குழந்தைகளைவிடப் பெரியவர்கள் அதிகம் விழுந்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தபோது, பழைய எல் டோர் ஓ1 கிருமிதான் மேலுறைக்கான ஜீன்களை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது.

நல்லவேளை, வைத்தியம் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. போன நீரையும் உப்பையும் உடனே திருப்பிக் கொடுக்கணும்: முடியாதவருக்கு நரம்பில் ரிங்கர் லாக்டேட், குடிக்க முடிந்தவருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல். 1971-இல் பொங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை வைத்தே, 30 சதவீதம் வரை இருந்த சாவை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். ஓ1, ஓ139 என்ற பேதமெல்லாம் அந்தக் கரைசலுக்குக் கிடையாது.

2009-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்தில் இரண்டு வகையும் உண்டு. ஓ139 இப்போது அபூர்வம். ஓ1 இன்னும் ஓயவில்லை.