பட்டறையின் மூன்றாவது கை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கே மலையேறும் சாலை, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றதும் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தை அடைகிறது. அதற்கு அப்பால் காடு. காட்டுக்கு மேலே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். மலைக்கு இப்பால் கேரளம், அப்பால் தமிழகம். இத்தோட்டத்திலே உழைத்த குடும்பங்களில் பல, தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழிவந்தவை. நாஞ்சில் நாட்டிலிருந்து இத்தகைய மலைத்தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றவர்கள், ஒருகாலத்தில் ஒரே அரசின் எல்லைக்குள் ஊர் மாறியவர்களே. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, அவர்கள் இருந்த இடத்திலேயே பிற மாநிலத்தார் ஆயினர்.

போனக்காட்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கட்டடம் சிதைந்து நிற்கிறது. பொறிகள் துருவேறிக் கிடக்கின்றன. லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் எஞ்சிய குடும்பங்கள் வாழ்கின்றன.

இம்மலைக்கு எழுதப்பட்ட வரலாறு ஒன்றும் உண்டு. திருவனந்தபுரம் வான்காட்சி நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரவுன் என்னும் அறிஞர், 1855ஆம் ஆண்டில் அகத்தியர் மலைமீது ஓர் ஆய்வு நிலையம் அமைத்து, காந்த ஊசியின் அசைவையும் வானிலையையும் அளந்தார். அவ்வளவீடுகள் 1874இல் நூலாக வெளிவந்தன. ஆதலின் பிரவுன் மலையேற்றிய கருவிகளுக்கு வரலாறு கிடைத்துவிட்டது. அதே மலைச்சாரலில் தொழிலாளர் கையாண்ட கருவிகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அத்தகைய கருவிகளுள் ஒன்றைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன். பட்டறையில் 'பெஞ்ச் வைஸ்' என்று வழங்கும் பிடிப்புக் கருவிதான் அது.

தேயிலைத் தொழிற்சாலைக்கும் வைஸுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். பகலில் கொய்த கொழுந்தை இரவெல்லாம் வாட்டி, பொறியில் இட்டு உருட்டி, புளிக்க வைத்து, வெப்பக் காற்றில் உலர்த்திச் சலிப்பது கறுப்புத் தேயிலை செய்யும் முறை. புளிக்கும் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உரிய வேளையில் உலர்த்தும் பொறிக்குள் போகாத கொழுந்து கெட்டுவிடும். நள்ளிரவில் ஒரு தாங்கி தேய்ந்து பொறி நின்றால், நூற்றுக்கணக்கான பெண்கள் நாள் முழுவதும் கொய்தது வீணாகும். அக்காலத்துத் தேயிலைப் பொறிகளில் பேர்பெற்றவை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் நிறுவனத்தாரும், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து டேவிட்சன் நிறுவனத்தாரும் செய்தவை. உதிரிப் பாகம் கடல் கடந்து வரும்வரை கொழுந்து காத்திராது. ஆதலின் தொழிற்சாலையின் ஓரத்தில் பழுது பார்க்கும் பட்டறை இருந்தாக வேண்டும். பட்டறையில் தடித்த பலகையும், அதன் விளிம்பில் ஒரு வைஸும் இருந்தாக வேண்டும். வெண்கலப் புஷ்ஷை அந்த வைஸிலே பிடித்து, ஃபிட்டர் ஒருவர் விளக்கொளியில் அரத்தால் இழைத்துப் பொருத்தினால்தான் விடிவதற்குள் பொறி சுழலும். ஒரு கை அரத்தின் பிடியிலும், மற்றொரு கை அதன் நுனியிலும் இருக்க, வேலைப்பொருளைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டுமன்றோ? அந்தக் கையே வைஸ்.

இதன் அமைப்பு எளிது. அசையாத் தாடை ஒன்று, அசையும் தாடை ஒன்று, இவற்றை நெருக்கும் திருகு ஒன்று, திருகைச் சுழற்றும் கைப்பிடிக் கம்பி ஒன்று. ஆயினும் இதன் ஆற்றல் பெரிது. கைப்பிடியின் நீளம் 25 சென்டிமீட்டர் என்றும், ஒரு சுற்றுக்குத் திருகு 5 மில்லிமீட்டர் முன்னேறுகிறது என்றும் கொள்வோம். கை ஒரு சுற்றில் ஏறத்தாழ 1,570 மில்லிமீட்டர் செல்லத் தாடை 5 மில்லிமீட்டரே நகர்கிறது. கணக்கின்படி விசை 314 மடங்காகப் பெருகுகிறது. உராய்வு இதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எனினும் அந்த உராய்வே நமக்குத் துணையும் ஆகிறது. கையை எடுத்த பின்னும் திருகு தானே பின்னோக்கிச் சுழலாமல் பிடித்த பிடியில் நிற்பது அதனால்தான்.

வைஸின் மூத்த வடிவம் கொல்லருடைய 'கால் வைஸ்'. அடித்து வடித்த இரும்பால் ஆன இதற்குத் தரைவரை நீளும் கால் ஒன்று உண்டு. சம்மட்டியின் அடி தாடையில் விழும்போது, அதிர்ச்சி அக்கால் வழியே நிலத்துக்குச் சென்றுவிடும். பழைய கால் வைஸ்களில் ஒரு விந்தையைக் காணலாம். திருகை ஏற்கும் குழாயின் உள்ளே மரை வெட்டுவது அக்காலத்தில் அரிதாயிருந்தமையால், சதுரக் கம்பியைச் சுருளாக வளைத்துக் குழாயினுள் பொருத்திப் பற்றவைத்தார்கள். இன்றும் பழம்பொருள் அறிந்தோர் குழாயினுள் நோக்கி, சுருள் பற்றவைத்ததா, மரை வெட்டியதா என்று பார்த்தே அதன் பழமையை மதிப்பிடுகின்றனர்.

மரை வெட்டும் கலையில் பெருமாற்றத்தைக் கொணர்ந்தவர் ஹென்றி மாட்ஸ்லே. 1800ஆம் ஆண்டை ஒட்டி, துல்லியமாகத் திருகு வெட்டும் கடைசல் பொறியை உருவாக்கியவர் அவர். அவர் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதி வைத்திருக்கிறார். 1789இல், பதினெட்டு வயது இளைஞராக, லண்டனில் ஜோசப் பிராமா என்பவருடைய பூட்டுப் பட்டறைக்கு மாட்ஸ்லே வேலை தேடிச் சென்றார். ஏழாண்டுப் பயிற்சி முடித்த சான்று அவரிடம் இல்லை. சான்றில்லாதவரைச் சேர்த்தால் மற்றத் தொழிலாளர் ஒப்புவரோ என்று தயங்கினர். அங்கே பலகையில் தேய்ந்து பயனற்ற வைஸ் ஒன்று இருந்தது. "மாலை ஆறு மணிக்குள் இதைப் புதியதுபோல் செய்து தந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று இளைஞர் கேட்டாராம். தாடைகளுக்குப் புதிதாக எஃகு முகம் பொருத்தி, அரத்தால் நேராக்கி, கடினப்படுத்தி, குறித்த நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டார். வேலையும் கிடைத்தது. பின்னாளில் உலகின் திருகுகளையெல்லாம் செம்மைப்படுத்தப்போகும் கைக்குத் திறந்த முதல் கதவு, செப்பனிடப்பட்ட ஒரு பழைய வைஸ்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு வைஸ் பரவியது. அமெரிக்காவின் மெரிடன் நகரத்துச் சார்லஸ் பார்க்கர், இங்கிலாந்தின் ஷிப்லி நகரத்துப் பார்க்கின்சன், ஷெஃபீல்டு நகரில் 1898இல் தோன்றிய ஹாம்ப்டன் நிறுவனத்தின் 'ரெக்கார்டு' ஆகிய பெயர்கள் பட்டறைகளில் புகழ்பெற்றன. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹியூ வோகல் என்பவர் 1941இல் சிகாகோவில் 'வில்ட்டன்' நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய வைஸ்கள் பலவற்றில் உறுதிக்காலம் முடியும் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அக்காலம் 5 ஆண்டு. அதைக் கழித்தால் செய்த காலம் புலப்படும். நம் நாட்டில் பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவித் தொழிலுக்குப் பேர்பெற்றன.

கருவி எங்கிருந்து வந்தாலும், தென்னாட்டில் அதன்முன் நின்ற கைகள் நம்முடையவை. 1856இல் பெரம்பூரில் எழுந்த ரயில் பட்டறையும், நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் பொன்மலைக்கு மாறிய பட்டறையும் தலைமுறை தலைமுறையாக ஃபிட்டர்களைப் பயிற்றின. தெற்கே நாசரேத்தில், பெரும்பஞ்சத்தை ஒட்டி 1878ஆம் ஆண்டில் கானன் மர்காஷியஸ் தொழிற்பள்ளி தொடங்கினார். மூணாற்றில் நல்லதண்ணித் தோட்டத்திலுள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குச் செல்வோர், 1905ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை உருட்டும் பொறியோடு, 1913ஆம் ஆண்டுக் கருங்கல் சூரியக் கடிகாரம் ஒன்றையும் காணலாம். அது அந்த நாசரேத்துத் தொழிற்பள்ளியில் செய்யப்பட்டது. கேரள மலைத்தோட்டங்களுக்குத் தமிழகம் கொழுந்து கிள்ளும் கைகளை மட்டும் அனுப்பவில்லை; கருவி செய்யும் கைகளையும் அனுப்பியது என்பதற்கு அது சான்று.

இனி, பழைய வைஸைத் தேடிச் செப்பனிடும் முறையைச் சுருங்கச் சொல்வேன். கேரளத்தில் ஆக்ரிக் கடை என்றும் சென்னையில் காயலான் கடை என்றும் வழங்கும் பழைய இரும்புக் கடையில், வைஸ் எடைக்கு விற்கப்படுகிறது. வாங்குமுன் விரிசல் உண்டா என்று பார்த்தல் வேண்டும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும்; சம்மட்டி அடியைத் தாங்காது. ஐயமுள்ள இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைப் பூசினால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து மெல்லிய கோடாகத் தோன்றும்.

இறுகிப்போன திருகைச் சுத்தியலால் அடித்துத் திறக்க முயலலாகாது. மண்ணெண்ணெயோடு மசகெண்ணெய் கலந்து ஊற்றிச் சில நாள் பொறுத்திருந்தால் பெரும்பாலும் அசைந்து கொடுக்கும். பிரித்த பாகங்களை வினிகரிலோ, எலுமிச்சை உப்புக் கரைத்த நீரிலோ ஊறவைத்தால் துரு இளகும். பின்னர்ச் சோடா நீரில் அலசி, உடனே உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் கண்முன்னே மீண்டும் துரு படரும். பழைய வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும்; உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளை மூச்சில் ஏற்றல் தீது. தாடைத் தகடுகள் தேய்ந்திருந்தால் மாற்றலாம்; திருகுக்குப் புதிய மசகிட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் எங்கே நிறுத்துவது என்பதே முக்கியமான வினா. அயல்நாடுகளில் சிலர் பழைய வைஸைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, பளபளக்கும் வண்ணம் பூசிக் காட்சிக்கு வைக்கின்றனர். காண அழகாயிருக்கும். ஆனால் அவ்வாறு தேய்க்கும்போது, தேயக்கூடாத சிலவும் தேய்ந்துவிடுகின்றன. தாடையின் ஒரு மூலை மட்டும் குழிந்திருந்தால், சிறிய பொருளை அந்த மூலையிலேயே பிடித்து வேலைசெய்தவர் ஒருவர் இருந்தார் என்று அறிகிறோம். மேற்புறத்தில் ரம்பத்தின் கீறல், துளைப்பானின் பள்ளம், உளி தவறிய வடு, பட்டறை எண்ணாக அடித்த புள்ளிகள் ஆகிய இவையே ஃபிட்டரின் நாட்குறிப்பு. தாடையின் மேல்மட்டம் வேலை செய்பவரின் முழங்கையளவு இருக்க வேண்டும் என்பது ஃபிட்டர் தொழிலின் முதற்பாடம். ஆதலின் பழைய பலகை அப்படியே இருந்தால், அதன் உயரங்கூட அங்கே நின்றவரைப் பற்றி ஒன்று சொல்லும். மாட்ஸ்லே செய்தது என்ன? பிடிக்க மாட்டாத தாடையைப் பிடிக்கச் செய்தார். அதுவே நமக்கும் அளவுகோல். பிடிப்பைத் தடுக்கும் பழுதை நீக்குவோம், மற்றவற்றை விட்டுவிடுவோம். துருவை அகற்றுவது கடமை. தழும்பை அகற்றுவது பிழை.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மூடிக்கிடக்கும் தொழிற்சாலையின் இரும்பு, உரியவர் இல்லாத பொருளன்று. வேலை நின்றபோது கூலி நிலுவையில் நின்றவர்களுக்கு அந்தப் பொறிகளே கடைசி நம்பிக்கையாக இருக்கக்கூடும். ஆகையால் முறையாக விற்பனைக்கு வந்ததையன்றிப் பிறவற்றைத் தொடுதல் தகாது. வாங்கும்போது, "இது எந்தப் பட்டறையிலிருந்து வந்தது? யார் இதில் வேலை செய்தார்?" என்று கேட்டு, விடையை ஒரு தாளில் எழுதிக் கருவியோடு வைத்தல் வேண்டும். அந்தத் தாள் இல்லாத வைஸ், எத்துணை மெருகேறினும், பாதி இழந்ததேயாகும்.

இதனை ஏன் உங்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன் எனில், மும்பையிலும் பெங்களூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் கேரள மலைகளிலும் உள்ள தமிழர் வீடுகள் பலவற்றில், தந்தையோ பாட்டனாரோ ஃபிட்டராக இருந்திருப்பர். ஊர்விட்டு ஊர் வந்தோருக்கு நிலப்பத்திரமும் கல்வெட்டும் இரா. அவர்கள் அங்கே வாழ்ந்து உழைத்ததற்குச் சான்றாக எஞ்சுவது, பெரும்பாலும், கைபட்டுத் தேய்ந்த இரும்புதான். பெரிய பொறிகளை அருங்காட்சியகம் கொள்ளும். பலகை விளிம்பிலிருந்த வைஸ் எடைக்குப் போய் உலையில் உருகும். உங்கள் வீட்டுப் பரணிலோ, கொல்லைப்புறத்திலோ அப்படி ஒன்று கிடக்குமாயின், அதை எடுத்துத் துடையுங்கள். திருகுக்கு எண்ணெய் இடுங்கள். அதைக் கையாண்ட பெரியவர் இருப்பாராயின், அருகில் அமர்ந்து அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். துரு பொறுத்திருக்கும், முதுமை பொறுத்திராது.