நினைவிலிருந்து வாசிக்கப்பட்ட செய்தி: சாந்தி ஸ்வரூப்பும் தெலுங்குத் தொலைக்காட்சியும்

1983 நவம்பர் 14 அன்று ஐதராபாத் தூர்தர்ஷனில் முதல் தெலுங்குச் செய்தியறிக்கையை வாசித்தவர் சாந்தி ஸ்வரூப். 2011இல் ஓய்வு பெறும்வரை தூர்தர்ஷனிலேயே பணியாற்றிய அவர், 2024 ஏப்ரல் 5 அன்று காலமானார். இரங்கற்குறிப்புகள் அவரை ‘முதல் தெலுங்குச் செய்தி வாசிப்பாளர்’ என்று நினைவுகூர்ந்தன. அந்த ‘முதல்’ என்பதன் வரலாற்றுப் பொருளைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

ஐதராபாத் நிலையம் 1977 அக்டோபரில் தொடங்கியது. ஆகவே, படம் வந்து ஆறு ஆண்டுகள் கழித்தே மக்களின் மொழியில் செய்தி வந்தது. இடையில், 1982 ஆகஸ்ட் 15 முதல் தில்லியிலிருந்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் தேசிய நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கியிருந்தது. அதே 1982இல் தெலுங்கரின் தன்மானத்தை முழக்கமாக்கித் தெலுங்கு தேசம் கட்சி பிறந்தது. 1983 ஜனவரியில் என்.டி. ராமராவ் முதலமைச்சரானார். இவற்றுக்கும் செய்தியறிக்கைக்கும் நேரடிக் காரணத் தொடர்பு உண்டு என்று நான் வாதிடவில்லை. ஆனால், மொழி அரசியற்பொருளாகியிருந்த ஒரு காலத்தில்தான் அக்குரல் வீடுகளுக்குள் நுழைந்தது என்பதை ஒதுக்கிவிட இயலாது.

தொடக்க ஆண்டுகளில் அவர் முன்னால் எழுத்தோட்டத் திரை இல்லை. செய்திப் பிரதியை மனனம் செய்துகொண்டு, கேமராவை நோக்கிச் சொன்னார். வாசிப்பவர் என்ற பெயர் இருந்தாலும் தொழிலின் உண்மையான கருவி நினைவாற்றலே. சொற்களோ அவருடையவை அல்ல. அரசின் ஊடகத்தில், பிறர் எழுதிய பிரதியை, உணர்ச்சி வெளிப்படாத குரலில் சொல்வதே அப்பணியின் இலக்கணம்.

இங்கேதான் அவருடைய நாவல்கள் முக்கியத்துவம் பெறுகின்றன. போபால் நச்சுவாயுப் பேரழிவைக் குறித்து ‘ராதி மேகம்’, அதாவது ‘கல் மேகம்’, என்ற நாவலை அவர் எழுதினார். உடன்கட்டை ஏறுதலுக்கு எதிராக ‘அர்த்தாக்னி’ எழுதினார். 1984 டிசம்பரில் போபால் நிகழ்ந்தபோது அவர் செய்தி வாசிப்பாளர். செய்தியறிக்கையில் ஓர் அழிவுக்குக் கிடைப்பது சில வாக்கியங்கள். அவற்றில் வாசிப்பவருக்குத் தீர்ப்புரிமை கிடையாது. அந்த உரிமையை அவர் புனைகதையில் எடுத்துக்கொண்டார் என்றே இதனை வாசிக்கிறேன். தொகுப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வோர் திரைக்கு வெளியே அவர்கள் எழுதியவற்றையும் முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

1995 பிப்ரவரியில் அலைவரிசைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஈடிவி வந்தது. ஒற்றைக் குரலின் காலம் முடிந்தது. பல அலைவரிசைகளுக்கிடையே இடம்பெயரும் தொகுப்பாளர்களும், நிரந்தர வேலையின்றிச் செய்திக்குச் செய்தி ஊதியம் பெறும் பகுதிநேரச் செய்தியாளர்களும் பெருகினர். திருமலையின் ஏழு மலைகளால் பெயர்பெற்ற சப்தகிரி அலைவரிசை, 2014 மாநிலப் பிரிவினைக்குப் பின் ஆந்திரத்துக்கு உரியதாக விஜயவாடாவுக்கு மாறியது. ஐதராபாத்தில் யாதகிரி தோன்றியது. நிறுவனங்களின் இவ்வரலாறு ஆணைகளிலும் கோப்புகளிலும் கிடைக்கும். ஆனால் குரல்களின் வரலாறு கோப்பில் தங்குவதில்லை. நேரலையில் சொல்லப்பட்டது, கேட்டவர் நினைவில்தான் எஞ்சுகிறது.

புத்தலப்பட்டு, சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல வேளை ஒரே வீட்டில், புழங்குகின்றன. இங்குள்ள முதியோர் எந்த மொழிச் செய்தியை, யார் வீட்டில், யாருடன் அமர்ந்து கேட்டனர்? எந்தச் செய்தியை எந்தக் குரலோடு நினைவில் வைத்துள்ளனர்? ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இக்கேள்விகளோடு வீடு வீடாகச் செல்லலாம். மனனத்தால் சொல்லப்பட்ட செய்திக்கு நினைவே ஆவணம். அவ்வாவணத்தைச் சுமந்திருப்போரின் வயது ஏறிக்கொண்டே போகிறது.