காக்கி வண்டியும் கித்தான் கைப்பிடியும்



பயன்படுத்திய மோட்டார் சைக்கிளை வாங்கச் செல்பவர் முதலில் கேட்பது, 'எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?' என்பதாகும். அடுத்த கேள்வி, 'இதுவரை யார் ஓட்டினார்கள்?' என்பது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கும் பள்ளிக்குமாக ஓட்டிய வண்டி என்றால், விலை சற்றுக் கூடினாலும் நம் மக்கள் தயங்காமல் வாங்கிவிடுவார்கள். அதே வண்டி சேற்றிலும் மேட்டிலும் ஓட்டிப் பழகும் பயிற்சிக் களத்தில் கிடந்தது, ஓட்டத் தெரியாத பலர் ஒருவர்பின் ஒருவராக ஏறி விழுந்து கற்ற வண்டி அது என்றால் எவர் வாங்குவார்? பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மக்கள் வரிசையில் நின்று அத்தகைய வண்டிகளையே வாங்கினார்கள். அந்த வரலாற்றில் நம் மலாயாவுக்கும், அதிலும் குறிப்பாகத் தோட்டப்புறத் தமிழர்களுக்கும், ஒரு சிறிய ஆனால் மெய்யான தொடர்பு உண்டு. அதனைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

முதல் உலகப் போரிலேயே மோட்டார் சைக்கிள் படைக்கலமாகிவிட்டது. கம்பித் தொலைபேசி அறுந்துபோகும் களத்தில் கட்டளைக் கடிதத்தைக் கொண்டு செல்லக் குதிரையைக் காட்டிலும் அது விரைவாக உதவியது. 1915 இல் வெளிவந்த டிரையம்ப் நிறுவனத்தின் 'ஹெச்' வகை வண்டிகள் மட்டும் ஏறத்தாழ 30,000 நேச நாட்டுப் படைகளுக்குச் சென்றன. இருப்பினும் மக்களின் வாழ்க்கையை மாற்றும் அளவுக்கு வண்டிகள் குவிந்தது இரண்டாவது போரில்தான்.

அப்போரில் பிரிட்டிஷ் படையின் உழைப்பாளி என்று பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 'எம்20' வண்டியைச் சொல்லலாம். 496 கன சென்டிமீட்டர் என்ஜின், 13 குதிரைத்திறன், பின் சக்கரத்துக்கு அதிர்வுதாங்கியே கிடையாது. இப்போது நம் இளைஞர்கள் ஓட்டும் நூற்றைம்பது சிசி வண்டிகூட அதைவிட வலிமையானது! 1936 இல் இதனைச் சோதித்துப் பார்த்த பிரிட்டிஷ் போர்த்துறை, என்ஜின் அளவுக்கு மீறித் தேய்கிறது என்று கூறித் திருப்பி அனுப்பியது. திருத்தியமைத்த பின்னரே ஏற்றுக்கொண்டது. அவ்வாறு நிராகரிக்கப்பட்ட வண்டிதான் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,26,000 எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. நார்ட்டன் 16ஹெச் ஏறக்குறைய ஓர் இலட்சம். மேட்ச்லெஸ் ஜி3 வகைகள் ஏறத்தாழ 80,000. இவற்றுள் மேட்ச்லெஸ் ஜி3/எல் முன்பக்கத்தில் எண்ணெயால் அதிர்வு தாங்கும் குழாய்க் கவையைப் பெற்றிருந்தது. கரடுமுரடான நிலத்தில் கையை நோகடிக்காத வண்டி என்று படைவீரர்கள் அதனையே விரும்பினார்கள்.

வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. ஓட்டுவதற்கு ஆள்? சேர்க்கப்பட்ட இளைஞர்களில் பலர் மிதிவண்டிக்கு மேல் எதனையும் ஓட்டியறியாதவர்கள். அவர்களுக்குச் சாலையில் ஓட்டக் கற்பித்தால் போதாது. குண்டு விழுந்த சாலையை விட்டு வயலிலும் ஓடையிலும் இறங்கி, இரவில், விளக்கை மறைத்துக்கொண்டு செய்தியைச் சேர்க்க வேண்டும். ஆகவே படைத்துறை மலைச்சரிவுகளையும் சதுப்பு நிலங்களையும் பயிற்சிக் களமாக்கியது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கெஸ்விக் என்னும் ஊரில் காலாட்படையின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே நிலம் கடந்து ஓட்டும் கலையைக் கற்பித்த சார்ஜண்டுகளில் ஒருவர் பிரெடி பிரித். இவர் 1937 இல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தில் வென்றவர். போருக்குப் பின், 1949 இல், 350 சிசி பிரிவின் உலக வாகையரும் ஆனார். உலகத் தரப் பந்தய வீரர் ஒருவர், கிளட்சைப் பிடிக்கத் தெரியாத மாணவர்களுக்கு ஆசானாக நின்றார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, ஆசிரியர்களாகிய நமக்கு அவர்மீது தனி அன்பு பிறக்கிறது.

பயிற்சி ஏன் அவ்வளவு அவசரமாயிற்று என்பதற்குப் பின்னால் துயரமான ஒரு கணக்கு இருக்கிறது. 1935 மே மாதத்தில் 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி.இ.லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒருவர். அவர் பின்னர் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் 2,279 மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களும் மாண்டிருந்தனர். இருட்டடிப்புக் காலச் சாலைகளே அவர்களுக்குப் போர்க்களமாயின. தலைக்கவசம் அணிந்திருந்து காயமுற்றவர்களாக அவர் கண்டவர்களோ எழுவர் மட்டுமே. அந்த எழுவரும் பிழைத்திருந்தனர். 1941 நவம்பரில் பணியிலுள்ள படை மோட்டார் சைக்கிளோட்டிகள் அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. பிரிட்டனின் பொதுமக்களுக்கு அச்சட்டம் வர 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! மலேசியச் சாலைகளில் மாள்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை அறிந்த பெற்றோர்களுக்கு அந்த இடைவெளியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பயிற்சிக் களத்து வண்டியின் உடல் என்னவாகும்? அது நெடுந்தூரம் ஓடுவதில்லை. ஒரே சரிவில் ஏறும், விழும், தூக்கி நிறுத்தப்படும், மீண்டும் ஏறும். ஆகவே தூரங்காட்டியைப் பார்த்தால் வண்டி இளமையாகத் தோன்றும். முதல் கியரிலேயே முனகிய என்ஜினின் மணிக்கணக்கு அதில் பதியாது. கற்றுக்கொள்பவன் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டுவான். அதனால் கிளட்ச் தட்டுகள் கருகும். கீழே விழும் பக்கத்தில் கால்மிதி மேல்நோக்கி வளையும், பிரேக் நெம்புகோல் முறியும். பள்ளத்தில் மோதி மோதிக் கைப்பிடித் தண்டின் கழுத்திலுள்ள குண்டுமணிகள் தம் கிண்ணத்தில் குழி பறித்துவிடும். அந்த வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் 'டக்' என்று நிற்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் இன்றும் செய்து பார்க்கும் சோதனை இது. பயிற்சி வண்டிக்கோ முதற்சோதனை.

மறுபக்கம் ஒன்றும் உண்டு. தனியாள் தன் வண்டியைப் பணம் இருக்கும்போது பழுது பார்ப்பான். இல்லாதபோது அப்படியே ஓட்டுவான். படைத்துறையில் அட்டவணைப்படி எண்ணெய் மாற்றப்படும், திருகுகள் முடுக்கப்படும், ஆய்வாளர் கையொப்பமிடுவார். அடி பட்டாலும் பராமரிப்பு தவறாத வண்டி அது. நூறு பேர் விழுந்தெழுந்த வண்டி, ஒருவர் கவனியாது விட்ட வண்டியைவிட மேலானதாக இருக்கக்கூடும் என்பதே என் கருத்து.

இனி மலாயாவுக்கு வருவோம். 1941 டிசம்பர் 8 இல் ஜப்பானியர் கோத்தாபாருவில் கரையிறங்கினர். 1942 பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளும் அவர்கள் கைக்குப் போனதும், உலகின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளுக்கு எட்டாமற் போயிற்று. சக்கர டயருக்கு ரப்பரைத் தவிர்க்க இயலாது. ஆகவே மற்ற இடங்களில் எல்லாம் ரப்பரைப் பிடுங்கினார்கள். பிரிட்டிஷ் படை மோட்டார் சைக்கிள்களின் கைப்பிடி உறைகள் கித்தான் துணியால் செய்யப்பட்டன. கால்மிதியின் ரப்பர் உறை நீக்கப்பட்டு வெறும் இரும்பு நின்றது. மழையில் நனைந்த கித்தானைப் பற்றிக்கொண்டு, வழுக்கும் இரும்பில் கால் வைத்து, சேற்றுச் சரிவில் ஏறப் பழகிய இளைஞனுக்கு இது ஏன் இப்படி என்று எவரும் விளக்கியிருப்பார்களோ, அறியோம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் நம் முன்னோர் விடியற்காலை இருளில் பால்மரம் சீவி மங்கில் சேர்த்த பால் அவன் கைக்கு வந்து சேரவில்லை என்பதே காரணம்.

பால் வாங்குவாரற்ற தோட்டங்களில் நம்மவர்கள் பட்டதை நீங்கள் உங்கள் பாட்டன் பாட்டியரிடம் கேட்டிருப்பீர்கள். அரிசி மறைந்தது, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஆடவர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. நம் வீடுகளில் அது 'சயாம் மரண ரயில்' என்ற பெயரோடு நிலைத்துவிட்டது. ஒரே ரப்பரின் இரு முனைகள் இவை. ஒன்றைப் பற்றி மோட்டார் சைக்கிள் சேகரிப்பாளர்கள் எழுதுகிறார்கள். மற்றதைப் பற்றி நாம் எழுதுகிறோம். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

போர் முடிந்ததும் பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. புதிய வண்டிகளை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டுவதே அரசின் கொள்கை. உள்நாட்டார் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் பங்கீடு 1950 மே மாதம் வரை நீடித்தது. குறைந்த எண்ணெயில் வேலைக்குப் போய்வர மோட்டார் சைக்கிளே ஏற்றது. புதியது கிடைக்காது, படைத்துறைக் கிடங்குகளிலோ வண்டிகள் குவிந்து கிடந்தன. அவை ஏலத்தில் மொத்தம் மொத்தமாக விடப்பட்டன. வணிகர்கள் வாங்கி, காக்கியின்மேல் கறுப்போ சிவப்போ பூசி, கடைவாசலில் நிறுத்தினார்கள். லண்டன் ஸ்டாக்வெல் சாலையில் பிரைட் அண்ட் கிளார்க் என்னும் பெருங்கடை இவ்வணிகத்தில் பெயர் பெற்றது. (சிவப்பு வண்ணம் பூசிய அக்கடை வரிசையை 1966 இல் வெளிவந்த அந்தோனியோனியின் 'ப்ளோ-அப்' திரைப்படத்தில் இன்றும் காணலாம்.)

வாங்கியவர்களுள் பலர் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட இளைஞர்கள். கெஸ்விக் போன்ற இடங்களில் எந்த வண்டியில் விழுந்து கற்றார்களோ அதே வகை வண்டிக்குத் தம் பணத்தைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அதன் குறைகள் தெரியும், அதுவே நம்பிக்கை. ஆனால் கையில் வந்த வண்டி எது என்பது எவருக்கும் தெரியாது. படைத்துறையின் பெரும் பட்டறைகளில் வண்டிகளை முற்றாகக் கழற்றி, ஒன்றின் என்ஜினை மற்றொன்றின் சட்டகத்தில் பொருத்தி மீண்டும் பூட்டுவது வழக்கம். ஆகவே என்ஜின் எண் ஒரு வண்டியைச் சொல்லும், சட்டக எண் இன்னொன்றைச் சொல்லும். பாலைவனத்தில் மணலைத் தடுக்கப் பெட்ரோல் தொட்டியின்மேல் பெரிய காற்று வடிகட்டி பொருத்தப்பட்ட வண்டியும், இங்கிலாந்துச் சேற்றை விட்டு வெளியேறாத பயிற்சி வண்டியும் ஒரே கறுப்பு வண்ணத்தில் அருகருகே நின்றன. வாங்குபவர் குனிந்து கால்மிதியின் வளைவைப் பார்த்துத்தான் வரலாற்றைப் படிக்க வேண்டியிருந்தது.

இவ்வண்டிகள் வேலைக்குப் போய்வரவும், சனி ஞாயிறுகளில் சேற்றுப் போட்டிகளுக்கும் பயன்பட்டன. மேட்ச்லெஸ் ஜி3/எல் வண்டியின் மண்காப்பையும் விளக்கையும் கழற்றிவிட்டு, மேடு பள்ளம் கடக்கும் 'டிரையல்ஸ்' போட்டிகளில் இறங்கியவர்கள் ஏராளம். 1947 இல் நெதர்லாந்தில் நடைபெற்ற முதல் 'நாடுகளின் மோட்டோகிராஸ்' போட்டியில் பிரிட்டிஷ் அணியே வென்றது. விளையாட்டு வளர்ந்ததற்குப் படைப் பயிற்சியும் மலிவான வண்டியும் சேர்ந்தே காரணம் என்று கொள்வது மிகையாகாது.

பின்னாளில் எம்20 ஓய்வு பெற்றது. 1960களின் பிற்பகுதியில் பி.எஸ்.ஏ. பி40, அதன்பின் கேன்-ஆம் பொம்பார்டியர், 1980களில் ஆர்ம்ஸ்ட்ராங் எம்டி500, 1990களில் ஹார்லி-டேவிட்சன் எம்டி350 என்று பிரிட்டிஷ் படையின் வண்டிகள் மாறின. இவையும் காலம் முடிந்ததும் ஏலத்துக்கு வந்தன. இப்போது படை விடுவிப்புச் சான்று இன்றிப் பதிவு செய்வது கடினம் என்பதால், 1946 இல் வாங்கியவரைவிட இவற்றை வாங்குபவர் பத்திர விஷயத்தில் நல்வாய்ப்புப் பெற்றவர். கைப்பிடியின் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் வேலை மட்டும் மாறவில்லை.

எம்20 வண்டியின் நிலையோ தலைகீழாகிவிட்டது. அன்று வணிகர்கள் காக்கியை மறைத்துக் கறுப்பைப் பூசினார்கள். இன்று சேகரிப்பாளர்கள் கறுப்பைச் சுரண்டிக் காக்கியைத் தேடுகிறார்கள். வண்டி 1942 க்கு முந்தியதா பிந்தியதா என்று பார்த்து, பிந்தியதாயின் நல்ல ரப்பர் கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கித்தான் உறையை மாட்டுகிறார்கள். பழையன பெரும்பாலும் மக்கிப்போய்விட்டபடியால், இங்கிலாந்தில் அவற்றைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள்.