மர வடிவப் பொருத்துப் பலகை

வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற மரத் துண்டுகளை அவற்றுக்குரிய பள்ளங்களில் பொருத்தி விளையாடும் சிறுகுழந்தை விளையாட்டுச் சாமான் மர வடிவப் பொருத்துப் பலகை. முன்பே வெட்டி வைத்த வெற்றுத் துண்டுகள் கைவினைப் பொருள் கடைகளில் கிடைப்பதால், ரம்பம் பிடித்துப் பழகாதவர்களும் இதை வீட்டில் செய்யலாம். வெட்டும் வேலை இல்லை என்பதால் மிச்ச வேலை எளிது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு துண்டும் தன் பள்ளத்தில் தடையின்றி இறங்க வேண்டும். வேறு எதிலும் இறங்கக் கூடாது. இந்தத் துல்லியம் கெடாமல் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசுவதில்தான் செய்பவரின் திறமை இருக்கிறது.

இதன் முன்னோடி, பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகன் (1812–1880) அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயன்படுத்திய வடிவப் பலகை. பிற்காலத்தில் அது 10 துண்டுகள் கொண்ட உளவியல் சோதனைக் கருவியாக மாறியது. இந்திய உளவியலாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். செகனின் வழியைப் பின்பற்றிய மரியா மாண்டிசோரி, 1907இல் ரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் குமிழ் வைத்த உருளைகளையும் வடிவச் சட்டங்களையும் கொடுத்தார். குழந்தை தன் தவறைத் தானே கண்டு திருத்திக்கொள்ள வேண்டும், பெரியவர் குறுக்கிட்டுச் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததால் இந்தக் கருவிகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அறிமுகமாயின.

வெற்றுத் துண்டுகள் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவு. 50 மி.மீ. பக்கமுள்ள சதுரப் பள்ளத்தில் 50 மி.மீ. விட்டமுள்ள வட்டமும் இறங்கிவிடும்; குழந்தைக்கு அது சரியான விடையாகவே தோன்றும். வட்டத்தை 60 மி.மீ. ஆக்கினால் சதுரத்துக்குள் போகாது. சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 71 மி.மீ. என்பதால் அதுவும் வட்டத்துக்குள் போகாது. இவற்றோடு 65 மி.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தைச் சேர்த்தால் மூன்றும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. விற்பனையில் உள்ள பல தொகுப்புகளில் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பலகை இரண்டு அடுக்காக அமையும்: துளைகள் வெட்டிய 6 மி.மீ. பிளைவுட், அதன் அடியில் ஒட்டும் மெல்லிய தகடு. துண்டுகள் 12 மி.மீ. தடிமன் இருந்தால் பாதி மேலே நிற்கும். பிஞ்சு விரல்கள் பற்றி எடுக்க அது போதும். எம்.டி.எஃப். பலகை மலிவானது, ஆனால் எச்சில் ஊறினால் உப்பி, பழைய அளவுக்குத் திரும்பாது. அடுக்குகளை ஒட்டியதும் பள்ளத்து மூலைகளில் பிதுங்கும் பசையை உடனே துடைத்துவிட வேண்டும். அது காய்ந்தால் துண்டு சமமாக உட்காராது.

லேசரில் வெட்டிய விளிம்பில் கரி படிந்திருக்கும். கையில் ஒட்டும், வண்ணத்தையும் பிடிக்க விடாது. 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சிலிர்த்து நிற்கும் நார்களை 320 எண் தாளால் மெல்ல நீக்க வேண்டும். கூர்முனைகளை மழுக்கினால் போதும். மிகுதியாகத் தேய்த்தால் முக்கோணம் தன் மூலைகளை இழந்துவிடும். துண்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி வேண்டும். வண்ணம் ஒவ்வொரு பூச்சிலும் அதைக் குறைக்கும், மழைக்காலத்தில் மரமும் சற்று விரியும். ஆகவே மேல்முகத்துக்கு மட்டும் வண்ணம் பூசி, விளிம்பில் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை ஒரு மெல்லிய பூச்சாகக் கொடுப்பது நல்லது. கர்நாடகத்துச் சன்னபட்டணம் பொம்மைகளின் பளபளப்பும் அரக்கால் வருவதே. அங்கே கடைசலில் சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்கை அழுத்தி ஏற்றுகிறார்கள்.

குழந்தை எதையும் வாயில் வைக்கும். 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுவதும் அடங்கும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது. குமிழ் வைப்பதானால் பசையோடு பின்பக்கத்திலிருந்து திருகாணியும் முடுக்க வேண்டும், ஏனென்றால் முதலில் கழன்று வருவது குமிழ்தான். பழைய எனாமல் டப்பாக்களைத் தொடவே வேண்டாம். வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. தரக்குறியும் கட்டாயம்.

எப்படித் திருப்பினாலும் பொருந்துவதால் வட்டம்தான் குழந்தைக்கு முதலில் வசப்படும், பெரும்பாலும் ஒன்றரை வயதையொட்டி. சதுரம் நான்கு நிலைகளிலும் சமபக்க முக்கோணம் மூன்றிலும் மட்டுமே உட்காரும். அவை பின்னால் வரும். மூன்றையும் குழந்தை தடுமாறாமல் வைக்கத் தொடங்கியதும் பலகையை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கொடுக்கலாம். வடிவத்தைப் பார்த்து வைக்கிறதா, இடத்தை நினைவில் வைத்து வைக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.